கருப்பு மண்

எங்கள் குடும்பம் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து கோத்தகிரிக்கு வந்து மளிகைக் கடை போட்டது. மலையேறி வந்தாலும் சில பழக்கங்களை நாங்கள் கீழே விட்டுவிட்டு வரவில்லை. எங்கள் ஊரில் கோடை வந்தால் குளம் தூர் வாருவார்கள். அதைவிடப் பெரிய புண்ணியம் கிடையாது என்று நம்பி வளர்ந்தவள் நான்.

தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு மேலே ஒரு சதுப்பு இருக்கிறது. புல் மண்டிக் கிடக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். என் கண்ணுக்கு அது தூர்ந்துபோன குளமாகத்தான் தெரிந்தது. தெருவில் எல்லாரையும் பேசிச் சேர்த்து, ஜேசிபி வரவழைத்தேன். தயங்கியவர்களை, "சுத்தம் பண்றதுக்குக் கூடவாங்க யோசனை?" என்று மடக்கினேன். என் வாய்க்கு எங்கள் தெருவில் எதிர்ப்பேச்சு கிடையாது.

தோண்டத் தோண்டக் கருகருவென்று மண் வந்தது. பூந்தொட்டிக்கு அதைப் போல உண்டா? ஆளாளுக்கு மூட்டை கட்டினோம். அதிகம் எடுத்தது நான்தான். என் டேலியாக்களைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். நானும் காபி போட்டுக் கொடுத்துப் பெருமை பேசினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

பிறகு மழை வந்தது. முன்பெல்லாம் மேட்டிலிருந்து வரும் தண்ணீரை அந்த மண்ணும் புல்லும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல விடும். அதைத்தான் நாங்கள் வழித்தெடுத்திருந்தோம். தண்ணீர் மொத்தமும் ஜேசிபி வெட்டிய பள்ளத்தின் வழியே லயனுக்குள் இறங்கியது. கடைசி வீட்டின் சமையலறைச் சுவர் போயிற்று. அந்த வீட்டுப் பெண் எஸ்டேட்டில் இலை பறிப்பவர், என் கடையில்தான் சாமான் வாங்குவார். மகளோடு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்.

மழை விட்டதும் லயன்காரர்களே கூடி முடிவெடுத்தார்கள். பள்ளத்தில் கல்லும் விறகுக் கட்டும் அடுக்கி அடைப்பது, மண்ணைத் திரும்பக் கொட்டிப் புல்லை நடுவது. மண் எங்கள் தொட்டிகளில் இருந்தது.

சிமெண்டுச் சாக்கோடு என் வீட்டுக்கு வந்தவர் சுவரை இழந்த அதே பெண்.

"ஏனுங்கக்கா, அந்தக் கருப்பு மண்ணு வேணுமுங்க. மத்த ஊட்டுலயெல்லாம் குடுத்துட்டாங்க."

கடையில் வெல்லம் கேட்கும் அதே குரல். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தொட்டிகளைக் கவிழ்க்க ஆரம்பித்தேன். ஊரையே மடக்கிய வாயில் ஒரு மன்னிப்பு வரவில்லை. பூத்திருந்த டேலியாவில் கை வைத்தபோது அவர் தடுத்தார்.

"அது பூத்திருக்குதுங்க. இருக்கட்டும்."

"இல்லீங்க, இதுவும் அந்த மண்ணுதான்" என்று அதையும் கவிழ்த்தேன்.

சாக்கைக் கட்டித் தூக்கிய பின்னும் அவர் கிளம்பவில்லை.

"புல்லு வேர் புடிக்க நாளாகுமுங்க. மழை பெருசா வந்தா, எம்புள்ளைய மட்டும் உங்க ஊட்டுல படுக்க வெச்சுக்குவீங்களா? தொந்தரவுன்னா வேண்டாமுங்க."

"நீங்களும் வந்துருங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ரொம்ப நன்றிங்கக்கா" என்று சாக்கைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.