துடக்குக்காரியின் பிளொப்பி

கோபம் வந்தால் சிலருக்குக் கண் சிவக்கும், சிலருக்கு மீசை துடிக்கும். எனக்குக் குரல் கீச்சிடும், எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பிபோல. அதனால் என் கோபத்தை யாரும் மதித்ததில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் அது இன்னும் ஆறவில்லை. "நிறையப்பேர் பாவிக்கிற ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு நிறைய வைரஸ் வரத்தான் செய்யும்" என்று யாராவது காலை நீட்டிக்கொண்டு சொன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் நான் கீச்சிட்ட அதே கீச்சு தொண்டைக்குள் ஏறிவிடுகிறது.

அங்கே ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் நான் மாஸ்டர். பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பின்பாதி கிழிந்துபோன ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைவிட ஒரு பக்கம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவன். புத்தகம் கிழிந்த இடத்தில் என் அறிவும் கிழிந்திருந்தது. சண்டையால் கரண்ட் இல்லாத காலம். சொட்டுப் பெற்றோலில் ஜெனரேற்றரை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வகுப்பு முடிந்து நான் பஸ்ஸில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர் பீடி பற்றவைக்கப் பயப்படுவார்.

எங்களிடம் இருந்தவை ஹாட் டிஸ்க் இல்லாத நாலு பழைய பெட்டிகள். டொஸ் என்ற சிஸ்டம் ஒரு பிளொப்பியில் இருக்கும். அதைச் செருகினால்தான் பெட்டிக்கு உயிர் வரும். மூலையில் ஐந்தாவதாக ஒன்று, ஜெர்மனியிலிருந்து யாரோ அனுப்பிய வேறு இனம். அதன் சிஸ்டம் உள்ளே ஒரு சிப்பில் பதிந்திருந்தது. அதற்கேற்ற புரோகிராம் ஒருவரிடமும் இல்லாததால் அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பை வைப்போம்.

பிளொப்பியின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு உண்டு. அதை ஒட்டுகிற கறுப்பு ரேப்பால் மூடிவிட்டால் பிறகு அதில் எதையும் எழுத முடியாது. வைரஸாலும் முடியாது. என் கிழிந்த புத்தகத்தில் தப்பியிருந்த பாதியில் இது இருந்தது. பிள்ளைகள் ஏழு பேரும் தங்கள் இறுதிப் புரோகிராம்களை முடித்து, ரேப் ஒட்டி வைத்திருந்தார்கள். அவை கொழும்புக்குப் போய்த் திருத்தப்பட்டால்தான் டிப்ளோமா.

ஏழு பேரில் ஒருத்தி காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். தாய் தகப்பனோடு உறவுக்காரர் வீட்டின் ஒரு அறையில் இருந்தாள். கொழும்பில் ஒரு கந்தோரில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். தைப்பொங்கலுக்குள் டிப்ளோமாவைக் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். அவள் எழுதியது காங்கேசன்துறை பஸ்களின் நேரம் சொல்லும் புரோகிராம். அந்தப் பஸ் ஒன்றும் அப்போது ஓடவில்லை.

"ஓடாத பஸ்ஸுக்கு எதுக்குப் பிள்ளை நேரம்?" என்று நான் பகிடி விட்டேன்.

"திரும்ப ஓடேக்கை பிந்தக் கூடாதெல்லோ, மாஸ்டர்."

வகுப்பின் உரிமையாளரை நாங்கள் டிரெக்டர் என்போம். லண்டனில் கொஞ்சக்காலம் இருந்தவர். அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அந்த ஊர்க் குளிரைப் பற்றிச் சொல்வார். விஜயதசமியன்று அவர் கொம்பியூட்டரில் ஏடு தொடக்க ஏற்பாடு செய்தார். கொழும்பிலிருந்து அவருக்கு ஒரு புது டொஸ் பிளொப்பி வந்திருந்தது. அதற்குச் சந்தனம் பூசி, அதாலேயே நாலு பெட்டிகளையும் தொடக்கி வைப்பார். ஒவ்வொரு பிள்ளையும் தன் பிளொப்பியைச் செருகி, ஒரு எழுத்துத் தட்டிப் பதிய வேண்டும். சரஸ்வதிக்கு முன்னால் ஆங்கில 'ஏ'.

கும்பத்தடியில் அடுக்கியிருந்த பிளொப்பிகளைக் கண்டதும் அவருக்கு முகம் சுருங்கியது.

"உதென்ன கறுப்பு? நல்ல நாளும் பெருநாளுமாய் வாயை அடைச்சு வைச்சிருக்கிறியள்!"

"அண்ணை, அது வைரஸுக்குக் காவல்."

"அம்பாளுக்கு முன்னாலை என்ன காவல், தம்பி?"

தன் நகத்தாலேயே ஒவ்வொன்றாக உரித்தார். நான் கீச்சிட்டேன். தவில்காரர் திரும்பிப் பார்த்தார், தன் வாத்தியத்தில் ஏதும் பிழையோ என்று.

காங்கேசன்துறைப் பிள்ளைக்கு மட்டும் அன்று உள்ளே வர அனுமதியில்லை. பெரியப்பா செத்து மாதம் ஆகவில்லை, சாவுத் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு. வாசல் படலையடியில் பிளொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"உள்ளுக்கை வரவேண்டாம் பிள்ளை" என்றார் டிரெக்டர். "உம்மடை பிளொப்பியும் வரக்கூடாது. அதுவும் துடக்குத்தான்."

பூசை முடிந்த சில நாளில், பெட்டிகளைத் தொடக்கும்போது எங்களைக் கேலி செய்கிற ஒரு ஆங்கில வரி திரையில் வரத் தொடங்கியது. புது வெர்ஷன் அப்படித்தான் கதைக்கும் என்றார் டிரெக்டர். வைரஸின் அடையாளங்கள் என் புத்தகத்தின் கிழிந்த பாதியோடு போயிருந்ததால் நானும் நம்பிவிட்டேன். ஏழு பிளொப்பிகளும் தரைப்பாதை மூடியிருந்ததால் ஒரே கட்டாகக் கிளாலிக் கடலேரியில் படகேறி, கொழும்புக்குப் போயின. கார்த்திகை விளக்கீட்டுக்குப் பிறகு அதே கட்டு திரும்பி வந்தது, கூடவே ஒரு துண்டுக் கடிதம்: இரண்டைத் திறந்தோம், இரண்டிலும் வைரஸ், உங்கள் நிலையத்தின் மற்றவற்றைத் திறக்க விரும்பவில்லை.

டிரெக்டர் பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்தி, கைகளை அகல விரித்தார்.

"இதிலை கவலைப்பட ஒண்டுமில்லை. டொஸ் உலகம் முழுக்கப் பாவிக்கிற சாமான். காய்ச்ச மரத்துக்குத்தானே கல்லெறிவாங்கள்? உந்த ஜெர்மன் பெட்டியைப் பாருங்கோ, அதுக்கு ஒரு வைரஸும் இல்லை. ஏன்? அதைச் சீந்த ஆளில்லை. எங்களுக்கு வந்தது பெருமை!"

அந்தப் 'பெருமை'தான் என்னைக் கொதிக்க வைத்தது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுப் பிழையை மூடுகிற வித்தை அது. வைரஸ் எழுதுகிறவன் கூட்டமுள்ள சந்தையைத்தான் பார்த்து எழுதுவான், சரி. ஆனால் அது அவன் எழுதுவதற்குத்தான் காரணம், எங்கள் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணமில்லை. ஒரே பிளொப்பியை நாலு வாய்க்குள்ளும் ஊட்டிவிட்டு, பூட்டையும் தன் கையாலேயே கழற்றியவர், உலகத்துச் சனத்தொகையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெர்மன் பெட்டியின் சிஸ்டம் சிப்பில் இருக்கிறது, அவர் சந்தனக் கையால் அதைத் தொட முடியாது. அதன் சுகத்தில் அதுவும் ஒரு பங்கு.

இதையெல்லாம் நான் சொன்னேன். சொன்னது கீச்சுக் கீச்சென்று கேட்டிருக்கும்.

அந்தப் பிள்ளை எழுந்தாள். "சேர், காங்கேசன்துறையிலை எங்கடை வீட்டைத் தபால்காரனுக்கே தெரியாது. அது என்ன பிரபலமே? துறைமுகத்துக்குப் பக்கத்திலை இருந்தது, அவ்வளவுதான். ஷெல்லடி விழுந்தாப் பிறகு, நீங்கள் ஏன் அங்கை இருந்தனீங்கள் எண்டு எங்களைத்தான் கேட்டவை. இப்ப நீங்களும் அதைத்தான் வேறை மாதிரிக் கேக்கிறியள்."

டிரெக்டர் விரித்த கைகளை மடக்கிக்கொண்டார். ஜெனரேற்றர் மட்டும் இருமியது.

புத்தூரில் ஒரு நண்பனிடம் வைரஸ் தேடுகிற புரோகிராம் இருந்தது. ஏழு பிளொப்பிகளையும் சைக்கிளில் கொண்டுபோனேன். ஆறிலும் வைரஸ். தான் ஒளிந்திருக்க இடம் தேடியபோது, எந்தப் பைல் எங்கே என்று குறித்திருக்கிற பகுதியை அது மிதித்திருந்தது. கழுவினோம். வைரஸ் போனது, பிள்ளைகளின் வேலை திரும்பவில்லை. பிளொப்பி கிடைக்காத காலத்தில் ஆளுக்கு ஒன்றுதான், பிரதி கிடையாது. ஏழாவது துடக்குக்காரியுடையது. கறுப்பு ரேப் ஒட்டினபடி. அதே டொஸ், அதே வகுப்பு, அதே பிரபலம். ஒரு தூசியும் இல்லை.

அது மட்டும் சுத்தம் என்று டிரெக்டர் ஒரு கடிதம் தந்தால் கொழும்பில் திறப்பார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

"ஒண்டு மட்டும் எப்பிடித் தப்பினது எண்டு மற்றப் பெற்றோர் கேட்டால்?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

"பூசையாலை வந்தது எண்டோ? அம்பாளைப் பழி சொல்லச் சொல்லுறீரோ, தம்பி?"

"அம்பாள் ரேப்பை உரிக்கேல்லை, அண்ணை! நீங்கள்தான் உரிச்சனீங்கள்!"

இந்த முறை கீச்சு அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்க வேண்டும். நாய் குரைத்தது. அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மேசையில் கடதாசியை வைத்து, அதன்மேல் பேனாவை வைத்தாள்.

"துடக்கெண்டு நீங்கள்தானே வெளியிலை நிப்பாட்டினீங்கள், சேர். அதை அப்பிடியே எழுதுங்கோ. எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. பொங்கலுக்கு முதல் நான் போகவேணும்."

எழுதினார். துடக்கு என்று எழுதவில்லை, 'சில தவிர்க்க முடியாத காரணங்களால் தனியே வைக்கப்பட்டது' என்று எழுதினார். அவள் கடிதத்தையும் பிளொப்பியையும் அதே பொலித்தீன் பைக்குள் சுற்றி, தானே படகேறிப் போனாள். வேலை கிடைத்தது என்று பிறகு அறிந்தேன். மற்ற ஆறு பேரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இரண்டு பேர் தொடங்கவே இல்லை. அந்த இரண்டு பேருக்காகத்தான் எனக்கு இன்றும் கோபம்.

அடுத்த விஜயதசமிக்கும் சந்தனம் வந்தது, தவில் வந்தது. டிரெக்டர் பிளொப்பிகளைப் பார்த்தார். கறுப்பு ரேப்புகளின்மேல் கை போனது, நின்றது. பிறகு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"தம்பி, இந்தமுறை ஆருக்கும் துடக்கு இல்லையோ? ஒரு பிளொப்பியை எண்டாலும் வெளியிலை வைச்சால் நல்லதெல்லோ?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ரேப் உருளையை எடுத்து, கழுவி வைத்திருந்த அவருடைய டொஸ் பிளொப்பிக்கும் ஒரு துண்டு ஒட்டினேன். அவர் அதன்மேல் சந்தனம் வைத்தார்.