சேர்த்துவைத்த நீதிபதி

நீதிபதி அலமேலு காலமான செய்தி, நான் நீதிமன்றப் படியிறங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. வக்கீல்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர் அவர் படத்தைப் போட்டு, 'உடைந்த குடும்பங்களைச் சேர்த்துவைத்த தாய்' என்று எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். மாலையில் வக்கீல் சங்கச் செயலாளர் அழைத்து, மலையாளம் கலந்த தமிழில் பேசினார். "சேச்சி, நீங்களும் கரமனைத் தமிழ், மேடமும் கரமனைத் தமிழ். அஞ்சலி மலருக்குத் தமிழ்ல ஒண்ணு எழுதித் தரணும், கேட்டோ?" எழுதுகிறேன். அவர் எதிர்பார்ப்பது இதுவாக இராது.

மேடத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், கறைபடாத கை. சிபாரிசு அவர் அறைவாசலைத் தாண்டியதில்லை. ஒரு பெண் சாட்சி சொன்னபோது சிரித்த மூத்த வக்கீலை வெளியே போகச் சொன்னவர். அன்று அவரை மனத்துக்குள் கும்பிட்டேன். செல்வி வரும்வரை கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

செல்வி போனக்காட்டு மலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளுபவள். கணவனின் அடி தாங்காமல் விவாகரத்துக் கேட்டு என்னிடம் வந்தாள். மேடம் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார். மலையாளத்தை விட்டுவிட்டு வீட்டுத் தமிழில் பேசினார்.

"ஏண்டி கொழந்தே, சண்டை இல்லாத குடும்பம் உண்டா? அடுத்த போஸ்டிங் தேதி வரைக்கும் அவனோட இருந்து பாரேன்."

செல்வியின் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை எந்த அதிகாரியும் அவளிடம் தமிழில் பேசியதில்லை. கணவன் கைகட்டி நின்று, இனிமேல் தொடமாட்டேன் என்றான்.

"மேடம், வீட்டுக்கு அனுப்பினா மறுபடியும் அடிப்பான்" என்றேன்.

சிரித்துக்கொண்டே சொன்னார்: "வக்கீலுக்குக் கேஸ் நடக்கணும். எனக்குக் குடும்பம் நடக்கணும்." இதை அவர் பொன்மொழியாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த போஸ்டிங்குக்கு செல்வி வலது கையில் மாவுக்கட்டுடன் வந்தாள். மேடம் அதை நெடுநேரம் பார்த்தார். மனம் மாறுகிறார் என்று நினைத்தேன்.

"கை ஒடைஞ்சா சேர்ந்துடும். குடும்பம் ஒடைஞ்சா சேராதுடி."

செல்வி கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தாள். "சேர்ற வரைக்கும் கொழுந்து யாரு மேடம் கிள்ளுவா?"

மேடம் இன்னொரு தேதி போட்டார். செல்வி மலைக்குத் திரும்பவில்லை. வழியில் வித்துராவில் பஸ்ஸை விட்டு இறங்கி, அக்கா வீட்டோடு தங்கிவிட்டாள். மேடம் ஓய்வுபெற்ற பிறகு, அடுத்து வந்த நீதிபதிதான் விவாகரத்துக் கொடுத்தார். எலும்பு கோணலாகச் சேர்ந்து, விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. கொழுந்து கிள்ளுவது அவளுக்கு அத்தோடு முடிந்தது. இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

இதற்குப் பிறகு ஒருநாள் கரமனையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த மேடத்தைப் பார்த்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போனக்காட்டு செல்வியை ஞாபகம் இருக்கா மேடம்?"

"எந்தச் செல்வி?" யோசித்தார். "சேர்ந்துதானே இருக்கா?"

"பிரிஞ்சுட்டா மேடம். அதனாலதான் உயிரோட இருக்கா."

"அடடா. கேஸ் என்கிட்ட இருந்திருந்தா சேர்த்து வெச்சிருப்பேன்" என்றார். உண்மையான வருத்தத்துடன் சொன்னார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கொடுமைக்காரி என்றால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

நேற்று செல்வியை அழைத்து, மேடம் இறந்ததைச் சொன்னேன். "தமிழ்ல எவ்வளவு அன்பாப் பேசுனாங்க சேச்சி" என்றாள். "அந்தப் பேச்சை நம்பித்தானே திரும்பிப் போனேன்."

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்த நீதிபதியாவது என் கட்சிக்காரியிடம் குரலைத் தாழ்த்தி, கனிவாக, "பாரும்மா" என்று தொடங்கினால், நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.