வாரேனுங்க

இது சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பைபிள் மேல் கை வைத்துச் சொல்லவும் நான் தயார்.

1994, ஜூன். கோவையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடம். ஞாயிற்றுக்கிழமை பகல். நான் மட்டும்தான் இருந்தேன்.

படிகத்துக்குள் இறுகப் பிடிபட்ட அணுக்கரு, காமா கதிரை விடும்போது பின்னுக்கு உதைபடாது. அந்தக் கதிரை இரும்புத் தகட்டின் வழியே அனுப்பி, மறுபக்கம் வருவதை எண்ணுவதுதான் என் ஆராய்ச்சி. ஒவ்வொரு கதிருக்கும் கருவி 'டிக்' என்னும். குறுக்கே கையை நீட்டினாலே சத்தம் நின்றுவிடும்.

கதிர் தரும் கோபால்ட்டின் வீரியம் தீர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் அந்த எண்ணிக்கையின் வரைபடம் கையில் இல்லாவிட்டால் என் முனைவர் பட்டப் பதிவு ரத்து. நான்கு வருட உழைப்பு மண்ணோடு மண். அழுதுகொண்டேதான் சுவிட்சைப் போட்டேன்.

மதியம் இரண்டேகால். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

"ஏனுங்க டெய்சி அம்மணி... வாரேனுங்க."

திருமூர்த்தி அண்ணனின் குரல். ஆய்வுக்கூட உதவியாளர். அந்தக் கருவியைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்பவர். தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது இப்படித்தான் சொல்வார். எங்கள் பக்கம் யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரிங்கண்ணா, வாங்க" என்றேன்.

பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை இவர் எப்போது வந்தார், கிளம்புவதற்கு?

டிக்... டிக்... டிக்...

நின்றது.

மின்சாரம் இருந்தது. விசிறி ஓடியது. குறுக்கே ஒன்றுமில்லை. வெறும் காற்று. பதற்றத்தில் கதிர் போகும் வழியில் கையை விட்டேன்.

ஜில்லென்றிருந்தது.

விரலில்... இன்னொரு விரல் பட்டது.

"அண்ணா... தள்ளிக்கோங்க. இது போச்சுன்னா என் பொழப்பே போச்சுங்க."

கருவி இன்னும் எண்ணவில்லை.

"கும்புடறேனுங்க... போயிருங்க!"

டிக்.

டிக்... டிக்...

காதோரம், மிக அருகில்...

"வாரேனுங்க."

வரைபடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பேராசிரியர் சொன்னார்: திருமூர்த்தி அண்ணன் சனிக்கிழமை சாயங்காலமே தன் ஊரான ஆனைமலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஞாயிறு காலையிலேயே எரித்தாகிவிட்டது.

அப்படியானால், வாசலில் அவர் விடைபெறவில்லை. உள்ளே வருகிறேன் என்றிருக்கிறார். நான்தான் 'வாங்க' என்று கூப்பிட்டிருக்கிறேன்.

கடைசியில் நான் 'போயிருங்க' என்றேன்.

அவர் 'வாரேன்' என்றார்.