பிளெக்ஸில் பாவா

கிராம சபை என்றாலே எனக்கு அன்றைய சிரிப்புதான் ஞாபகம் வருகிறது. ஆர்.கே.பேட்டை பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம். அக்காவின் கணவர், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், எழுந்து நின்று, "எங்க தெருவ ஒரே வார்டா ஆக்கணுங்க" என்றார். தெலுங்கு கலந்த அவருடைய தமிழைக் கேட்டு முன்வரிசை சிரித்தது. ஊராட்சித் தலைவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பொழைக்க வந்தீங்க, பொழைச்சிகினு போங்க. வார்டு கேக்குதா உங்களுக்கு?" என்றார்.

சித்தூர்ப் பக்கமிருந்து தறி ஓட்ட வந்த குடும்பங்கள் நாங்கள். நான் பிறந்ததே இங்கேதான். ரேஷன், ஓட்டு எல்லாம் இங்கே. ஆனால் தெருவின் கிழக்குச் சாரி ஒரு வார்டு, மேற்குச் சாரி இன்னொன்று. இரண்டிலும் நிலக்காரர் வீடுகளே அதிகம் என்பதால் எங்களில் ஒருவர்கூட மெம்பர் ஆனதில்லை. தண்ணீர்க் குழாய் தெருமுனையோடு நின்றது.

பாவா வீடு வீடாக ஏறி ஆள் திரட்டினார். எல்லாரையும் திருத்தணி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் மனு கொடுத்தார். தலைவர் நூல் முதலாளிகளிடம் சொல்லி அவருக்கு வேலை கிடைக்காமல் செய்தார். அக்கா களை பறிக்கப் போய் அடுப்பெரித்தாள். "நமக்கெதுக்கு பாவா இது?" என்று நானே கேட்டேன். "நம்ம பசங்களும் இப்படியே கைகட்டி நின்னுகினு இருக்கணுமா?" என்றார்.

கடைசியில் தெரு ஒரே வார்டானது. பாவா ஜெயித்தார். ஊராட்சிக் கூட்டத்தில் அவருக்கு மட்டும் நாற்காலி போடமாட்டார்கள். சுவரோரம் நின்றபடியே திரும்பத் திரும்பக் கேட்டுத் தெருவுக்குள் தண்ணீர் கொண்டுவந்தார். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். தலைவர் சாவுக்கு எட்டிப்பார்க்கவில்லை.

இப்போது மறுபடி தேர்தல் பேச்சு. தெருமுனையில் தலைவரின் பிளெக்ஸ். அவர் கும்பிட்டபடி நிற்கிறார், பக்கத்தில் வட்டத்துக்குள் பாவா. கீழே 'என் உடன்பிறவாச் சகோதரர்' என்று எழுதியிருக்கிறது. தலைவர் அக்கா வீட்டுக்கே வந்து, "பாகுன்னாராம்மா?" என்று தெலுங்கில் நலம் விசாரித்தார். "உங்க வூட்டுக்காரரும் நானும் சேந்துதானே இந்த வார்ட வாங்கனோம்." அக்கா நிதானமாக, "மொதல்ல அவரு படத்த எடுங்க" என்றாள். அவர் சிரித்தபடியே அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அங்கே அவருக்கு ஆரத்தி எடுத்தார்கள்.

மறுநாள் அக்கா அரிவாளோடு போய் பாவாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வந்தாள். பிளெக்ஸ் ஓட்டையோடு நின்றது. சாயங்காலத்துக்குள் எங்கள் தெருப் பசங்களே காரியப் பத்திரிகையில் இருந்த பாவாவின் படத்தைப் பெரிதாக்கி அந்த ஓட்டையில் ஒட்டிவிட்டார்கள்.