பூஜை போட்ட டெமோ வண்டி

1. டிபன் பாக்ஸ்

மகேஸ்வரி டிபன் பாக்ஸோடு ஷோரூமுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்த அன்றே எங்கள் மேனேஜர் இளங்கோவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மன்னார்புரத்தில் மின்சாரக் கார் விற்கும் ஷோரூம் அது. நான் அங்கே யார்டு டிரைவர். கேரியர் லாரியில் வரும் வண்டிகளை இறக்குவது, கழுவுவது, சார்ஜ் போடுவது, வாடிக்கையாளரை டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப் போவது என் வேலை. படிப்பு எட்டாவதோடு நின்றது. அப்புறம் போர்வெல் லாரி, நாக்பூரில் முறுக்குக் கம்பெனி, சூரத்தில் சாயப்பட்டறை. சம்பளம் கிடைக்காத ஊர்களில் கோயில் சாப்பாடு கிடைத்தது. இரண்டும் கிடைக்காத ஊர்களில் நன்றாகத் தூங்கினேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். டெலிவரி தேதி என்பதைக் கொஞ்சம் பயத்தோடு சொல்லப் பழகுங்கள்.

மகேஸ்வரிக்கு வீடு திருவானைக்காவலில். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மூன்று நர்ஸ்களைத் தன் பழைய காரில் காலையில் தில்லைநகர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் விடுவார், மதியம் ஷிப்ட் முடிந்ததும் வீட்டில் இறக்குவார். அவருடைய பிழைப்பே அந்த மூன்று பேர்தான். மின்சார டாக்ஸி புக் செய்தபோது அந்தப் பழைய காரை நாங்கள் எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொண்டோம். வாங்கியதை உடனே விற்றும்விட்டோம். புது வண்டி மட்டும் வரவில்லை.

கேட்டபோதெல்லாம் இளங்கோ "அடுத்த வாரம் மேடம்" என்றார். கப்பல் என்றார், பேட்டரி என்றார், அலாட்மென்ட் என்றார். இதற்கிடையில் ஒரு வேன்காரர் அந்த நர்ஸ்களை ஏற்ற ஆரம்பித்தார். ஒண்ணாம் தேதியிலிருந்து நிரந்தரமாகத் தன்னிடமே வந்துவிடச் சொல்லிக் கேட்டிருந்தார். அவர்களும் ஏறக்குறைய சரி என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

அதனால்தான் அந்த டிபன் பாக்ஸ். காலையில் வருவார், சோபாவில் உட்காருவார். கார் பார்க்க யாராவது வந்தால் அன்பாக விசாரிப்பார்.

"புக் பண்ண வந்தீங்களா சார்? தாராளமா பண்ணுங்க. நல்ல வண்டி. நானும் பண்ணியிருக்கேன். நீங்க டிபன் எடுத்துட்டு வந்தீங்களா, இல்ல வெளியில சாப்பிடுவீங்களா?"

வந்தவர் விலைப்பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்.

2. நல்ல நேரம்

மாதக் கடைசி வந்தது. வண்டியை ஒப்படைக்கும்போது எடுத்து அனுப்பும் டெலிவரி போட்டோ ஏன் குறைகிறது என்று மேலிடத்தில் இளங்கோவைக் காய்ச்சி எடுத்தார்கள். அதே நேரம் மகேஸ்வரியின் மாமனார் வண்டி எடுக்க நாள் பார்த்துச் சொல்லிவிட்டார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை காலையை விட்டால் அந்த மாதத்தில் வேறு நல்ல நாள் கிடையாது என்றார்.

இளங்கோவுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வந்தால் அவர் என்னைத்தான் தனியாகக் கூப்பிடுவார்.

"காசிண்ணே, டெஸ்ட் டிரைவுக்கு ஓட்டுற நம்ம டெமோ வண்டியும் வெள்ளை, அவங்க கேட்டதும் வெள்ளை. துணி போட்டு மூடிடுவோம். பூஜை, கேக், போட்டோ எல்லாம் முடிச்சிடலாம். பர்மிட் வேலை பாக்கி இருக்குன்னு சொல்லி வண்டிய உள்ள விட்டுடுவோம். நிஜ வண்டி வந்ததும் மாத்திக் குடுத்துடலாம். யாருக்குத் தெரியும்?"

"நம்பர் பிளேட், சார்?"

"மாலை போட்டு மறைச்சிடுங்க."

மண்ணெண்ணெய் தொட்டு டெமோ ஸ்டிக்கரை உரித்தேன். சீட்டில் புது பிளாஸ்டிக் உறை மாட்டினேன். மெழுகு போட்டுத் தேய்த்ததில் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வந்தார்கள். மாமனார் தன் கையாலேயே சூடம் காட்டி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். இளங்கோ கைதட்டச் சொன்னார், தட்டினோம். போட்டோ எடுத்தார்கள். மகேஸ்வரி ஏறி, வண்டியை ஆன் செய்து, பழங்களை நசுக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். நின்றார். கண்ணாடியை இறக்கினார்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க. எட்டாயிரம் கிலோமீட்டர் காட்டுதே. கம்பெனியிலேர்ந்து ஊர் ஊரா சுத்திப் பாத்துட்டு ஓட்டிட்டு வந்தீங்களா?"

மாலையால் நம்பரை மறைத்த எங்களுக்கு மீட்டர் ஞாபகத்துக்கு வரவில்லை. இளங்கோ என்னைப் பார்த்தார். நான் கேக்கைப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. மகேஸ்வரி கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மெல்லிய குரலில் பேசினார்.

"அந்த சிஸ்டருங்ககிட்ட இன்னிக்கு வண்டி வந்துடும்னு சொல்லிட்டு வந்தேன் சார். திங்கக்கிழமை ஒண்ணாந்தேதி. வேன்காரர் ரெடியா நிக்கிறாரு."

மாமனார் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டார்.

"ஐயா, இது டெமோ வண்டிங்க" என்றார் இளங்கோ.

"இருக்கட்டுமேப்பா. எலுமிச்சம்பழத்து மேல எது ஏறுச்சு? இதுதான. எங்க பேரச் சொல்லிச் சூடம் காட்டின வண்டிய நாளைக்கு ஊர்ல உள்ளவனெல்லாம் ஓட்டிப் பாப்பானா? எங்க குடும்பத்துக்கு ஆகாது. நாங்க இறங்கறதா இல்ல."

"ஐயா, இதை டாக்ஸியா ஓட்ட முடியாதுங்க. பர்மிட் கிடையாது."

"பூஜை போட மட்டும் பர்மிட் இருந்துச்சா?"

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. இளங்கோ வேர்த்துப்போய் என் பக்கம் வந்தார்.

3. தினமும் டெஸ்ட் டிரைவ்

"சார், டெஸ்ட் டிரைவ்ல யார் ஓட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"கஸ்டமர்."

"பக்கத்துல?"

"நீங்க."

"பின்னால கஸ்டமரோட சொந்தக்காரங்க மூணு பேர் உக்காந்தா குத்தமா? வாடகை எதுவும் வாங்க வேண்டாம்."

"சரி, திங்கக்கிழமையிலேர்ந்து ஆரம்பிச்சிடுங்க" என்றார் இளங்கோ. அப்புறம் மாமனாரிடம் போய், இறங்கிக் கேக் சாப்பிடச் சொன்னார்.

திங்கட்கிழமை விடியற்காலை திருவானைக்காவல் போய் மகேஸ்வரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்ரீரங்கத்தில் மூன்று நர்ஸ்களும் வேனுக்காக நின்றிருந்தார்கள். எங்கள் வண்டி போய் நின்றது. வேன் வருவதற்குள் ஏறிக்கொண்டார்கள். மதியம் அதே வண்டியில் திரும்பினார்கள். வேன்காரர் அந்த வாரம் முழுக்க எங்களை முறைத்துக்கொண்டே போனார்.

டெஸ்ட் டிரைவ் ஒவ்வொன்றுக்கும் போனில் ஓடிபி வாங்க வேண்டும். ஒரு நம்பரைக் கம்பெனி ஆப் ஒரு தடவைதான் ஏற்கும். மூன்று பேரின் நம்பரும் தீர்ந்ததும் கணவன், தம்பி, மாமியார் என்று அவர்கள் சொந்தபந்தம் அத்தனையும் கணக்கில் டெஸ்ட் டிரைவ் செய்தது. வண்டியை ஏன் வாங்கவில்லை என்றும் அதில் காரணம் போட வேண்டும். மூவரில் மூத்தவரான மேரி சிஸ்டர், "பக்கத்து சீட்டில் இருப்பவர் ரொம்பப் பேசுகிறார்" என்று போட்டுவிட்டார். அது மேலிடம் வரைக்கும் போயிற்று. டெஸ்ட் டிரைவில் எங்கள் கிளைதான் முன்னணி என்று இளங்கோவுக்குப் பாராட்டும், எனக்கு வாய் குறைக்கச் சொல்லி ஒரு மெயிலும் வந்தன. மெயில் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் குறைக்கவில்லை.

ஒரு வழியாகக் கேரியர் லாரி வந்தது. பதிவு, பர்மிட் எல்லாம் முடிந்து, மின்சார டாக்ஸிக்கான பச்சைப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து ஏறியது. சாவி கொடுத்த நேரம் ராகு காலம் வேறு. நர்ஸ்களுக்கு ஷிப்ட் முடியும் நேரம். மகேஸ்வரி வந்த வேகத்தில் சாவியை வாங்கிக் கிளம்பினார். இளங்கோ துணியையும் போனையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

"மேடம், ஒரே ஒரு போட்டோ."

"அன்னிக்கு எடுத்தீங்களே, அதையே போட்டுக்கங்க சார்."

ஆஸ்பத்திரி வாசலில் மேரி சிஸ்டர் ஏறியதும் முன்சீட்டைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, அவர் வரலையா" என்றாராம். மகேஸ்வரி போன் செய்து சொன்னார். மூவரும் இன்றுவரை அவர் வண்டியில்தான் போகிறார்கள்.

வண்டி தாமதமாவது நம் கையில் இல்லை. தேதி சொல்வது நம் கையில் இருக்கிறது. நாம் "அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். கேட்டவர் அதை எடுத்துக்கொண்டு போய் இன்னும் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். வண்டி வராவிட்டால் அந்த நாலு பேர் முன்னால் பொய்யராக நிற்பது அவர்தான்.

அதனால் இப்போதெல்லாம் தேதி சொல்லும் முன்பு, "இதை நீங்க யார்கிட்ட போய்ச் சொல்லணும்?" என்று கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் ஒருவர் தயங்கித் தயங்கி, "என் சகலைகிட்ட" என்றார்.

அவருக்கு மட்டும் ஒரு மாதம் கூட்டியே சொன்னேன்.