இரண்டு வாசல் வழியாக வந்த அக்காவும் தங்கையும்

நேற்று எதிர்வீட்டுத் துஷ்டியில் இறந்தவரின் மனைவி இருந்தார், மருமகள்கள் இருந்தார்கள், மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் ஒரு ஷிப்டே வந்திருந்தார்கள். கூடப்பிறந்த அக்கா மட்டும் இல்லை. பம்பாயிலிருந்து ரயில் கிடைக்கவில்லையாம். பெண்கள் வாடகை நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்கள். யாரும் யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை. ரோஜாமாலையும் ஊதுபத்தியும் கலந்த வாசம் மட்டும் பழையபடியே இருந்தது. எனக்கு வன்னியம்பட்டி ஞாபகம் வந்துவிட்டது.

வன்னியம்பட்டியில் என் மாமாவின் வீடு. அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே தம்பி. பெற்றவள் சீக்கிரமே போய்விட்டதால் அக்காமார் இரண்டு பேரும் இடுப்பில் மாற்றி மாற்றித் தூக்கி வளர்த்த பிள்ளை. பட்டாளத்தில் இருந்தார். லீவில் வந்தால் முதலில் ராஜபாளையத்தில் எங்கள் வீடு, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீடு, அதற்கப்புறம்தான் சொந்த வீடு. "எம் புருசனுக்கு நான் மூணாவது ஸ்டாப்பு" என்று அத்தை சொல்லிச் சிரிப்பாள். அப்படி வந்த ஒரு லீவில்தான், தோட்டத்து மோட்டார் சுவிட்சைத் தொட்டவர் அங்கேயே விழுந்துவிட்டார்.

செய்தி அம்மா வேலை பார்த்த பஞ்சு மில்லுக்கே வந்தது. அம்மா தலையில் பஞ்சு ஒட்டியிருக்க அப்படியே பஸ் ஏறினாள். பக்கத்தில் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன். அந்தக் கௌரவத்தில், அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு முறை உண்டு. துஷ்டி வீட்டில் ஏற்கெனவே இருப்பவள்தான் முதலில் கை நீட்ட வேண்டும். வருகிறவள் அந்தக் கைக்குள் போய் விழ, இருவரும் கட்டிக்கொண்டு அழுவார்கள். கை நீட்டவில்லை என்றால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

அம்மா தெருவாசலில் நுழைந்தாள். அதே நிமிஷத்தில் சித்தி கொல்லைவாசலில் நுழைந்தாள். வயல் வழியாக யாரோ சைக்கிளில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நடுவில் மாமா. அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் முன்னமே வந்துவிட்டாள் என்று இவளும், இவள் முன்னமே வந்துவிட்டாள் என்று அவளும் கைக்காகக் காத்து நின்றார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு அம்மா தலைமாட்டிலும் சித்தி கால்மாட்டிலும் விழுந்தார்கள். தனித்தனியாக அழுதார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்திலும் பேச்சு இல்லை. "எம்புட்டு நெஞ்சழுத்தம் பாத்தியாலே. உள்ள நின்னுக்கிட்டு, வந்த அக்காவுக்குக் கை நீட்டலையே அவ" என்றாள் அம்மா.

"சித்தியும் அப்பத்தான்மா வந்தாவ. நான் பாத்தேன்."

"ஆமா, நீ பாத்த. காலேஜுக்குப் போறவன்லா, செவுத்துக்கு அங்கிட்டும் உனக்குத் தெரியும்."

நான் விடவில்லை. சித்தி வீட்டுக்கே போய், பஸ் கிளம்பிய நேரம், சைக்கிள் வந்த பாதை எல்லாவற்றையும் பரீட்சைப் பேப்பரில் எழுதுவதுபோல விளக்கினேன். சித்தி காபியை ஆற்றிக் கையில் கொடுத்தாள். "நல்லாத்தான் பேசுத. வக்கீலுக்குப் படி. ஆனா எங்கக்கா கை எம் பக்கம் வரலைல்லா?" என்றாள். கண் நிறைந்திருந்தது. 

பிறகு என் தங்கை கல்யாணத்துக்குச் சித்தி வரவில்லை. சித்தி மகன் கல்யாணத்துக்கு அம்மா போகவில்லை. ஆனால் வீட்டில் அம்மா, "எந்தம்பி சின்னப்புள்ளைல..." என்று ஆரம்பிப்பாள். மீதியைச் சொல்ல ஆள் தேடுவதுபோல ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வாள். அந்தக் கதைகள் எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தி பக்கத்து ஊரில், அங்கே யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தாள்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். சித்தி வந்து வாசல்படியில் நின்று உள்ளே பார்த்தாள். எங்கள் ஊரில் ஆம்பளைகள் கை நீட்டுவதில்லை. நான் நீட்டினேன். என் தோளில் விழுந்து, என்னிடம் அல்ல, அம்மாவிடம் கத்தினாள்:

"யக்கா, நான் கொல்லப்பக்கமால்லா வந்தேன்! அப்பத்தான்க்கா வந்தேன்!"

எல்லோரும் கலைந்த பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "ஏலே, தம்பிக்குப் புருவத்துல ஒரு தழும்பு உண்டுல்லா. அது எப்படி வந்துச்சுன்னு அக்கா ஒங்கிட்டச் சொல்லியிருக்காளா? எனக்கு மறந்துபோச்சு. அவளைக் கேட்டாத் தெரியும்."

"சொன்னதில்ல சித்தி" என்றேன்.

ஒரே ஒரு சாவுக்குத்தான் இருவரும் போனார்கள். திரும்பும்போது ஆளுக்கு இரண்டு பேரை இழந்திருந்தார்கள். மாமாவின் சின்ன வயசு மொத்தமும் அதோடு போயிற்று.