பராகுவேக்குக் கிழங்கு கொண்டுபோனவர்

வலக்கையால் மாவுருண்டையை மேலே எறிந்துவிட்டு, அது இறங்கி வருவதற்குள் இடக்கையால் கல்லுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார் வாமதேவன். உருண்டையைப் பார்ப்பதில்லை. அது வந்து விரல் நுனியில் உட்காரும். உடனே பலகையில் அறைந்து, விரித்து, வீசி, மடித்துக் கல்லில் போடுவார். பாரிசின் ரூ லூயி-பிளாங் தெருவில் அந்தச் சாப்பாட்டுக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று படம் பிடிக்கிற வெள்ளைக்காரர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு எறி கூடுதலாக எறிவதுமில்லை, வெட்கப்பட்டுக் குறைப்பதுமில்லை.

அறுபதைத் தொடப்போகிற வயது. ஒடுங்கிய உடம்பு. முன்னங்கைகள் மட்டும் வேறு யாருடையதையோ வாங்கிப் பூட்டியதுபோலத் தடித்திருக்கும். வலது முழங்காலில் இருப்பது மாற்று மூட்டு. அது மடங்கும், நிமிரும், நடக்கும், குதிக்கக் கூடாது. அதனால் அவருக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை. ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நிற்கிறவர் நின்ற இடத்திலேயே நிற்கலாம். "கால் கடைக்கு வந்து சேர்றதுக்கு. வேலை செய்யிறது மணிக்கட்டு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லா கூர்நெவ் பூங்காவில் வலை கட்டிக் கரப்பந்து ஆடுகிற பொடியள் மத்தியில் அவரைப் பார்க்கலாம். மூட்டு மாற்றும் வரைக்கும் ஆடினார். மாற்றியபின் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டார். "பந்தைப் பாக்காதையடா, பந்து வாற இடத்தைப் பார்!" என்று கத்துவார். பாதிப் பேருக்குத் தமிழ் சரியாக விளங்காது; ஆனாலும் பார்ப்பார்கள்.

மனைவி இறந்துபோய்ச் சில வருடங்களாகிவிட்டன. ஒரே மகள் லக்ஷனா பாரிசில் பிறந்தவள், மண்ணியல் படித்தவள். படிக்கப் போன இடத்தில் பராகுவே நாட்டுப் பையன் ஒருவனைக் கட்டி, அவனுடைய ஊருக்கே போய்விட்டாள். அது பாசோ இத்தா என்கிற சின்ன விவசாய ஊர். தலைநகரத்திலிருந்து பகல் முழுக்கப் பேருந்தில் போகவேண்டும்.

போன குளிர்காலத்தில், ரூ பிலிப்-து-ஜிராரில் தன் அறைக்கு ஏறும்போது மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். கீழ்வீட்டு அம்மாள் நாயோடு இறங்கி வரும்வரை அங்கேயே கிடந்தார். எலும்பு ஒன்றும் உடையவில்லை. ஆனால் செய்தி கடல் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து லக்ஷனா ஒவ்வொரு நாளும் வீடியோவில் வந்தாள். "ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுங்கோ. மருந்துப் பெட்டியைக் காட்டுங்கோ. நடந்து காட்டுங்கோ." அவரும் காட்டினார். ஒரு நாள் கடையில் வைத்தே நடந்து காட்டவேண்டி வந்தபோது, காசுமேசையில் இருந்த செபஸ்டியன், "என்ன வாமண்ணை, பெண்பார்க்க வந்திருக்கினமோ?" என்று கேட்டான்.

கடைசியில் அவள் சொல்லிவிட்டாள். "அப்பா, உங்களைத் தனிய விட ஏலாது. கடையை விடுங்கோ, அறையைக் குடுத்துப்போட்டு இஞ்சை வாங்கோ. மாமரத்துக்குப் பக்கத்து அறை உங்களுக்கு."

"முதல் வந்து பாக்கிறன்" என்றார் அவர்.

பார்க்கப்போவது யார் யாரை என்பது இருவருக்கும் தெரியும். அவள் திரும்பும் திகதி போடாத விமான ரிக்கற் அனுப்பினாள். திகதி போடுவதா இல்லையா என்பதை அவரை நேரில் பார்த்த பிறகு அவள் முடிவு செய்வாள்.

பிழை புறப்படுவதற்கு முன்பே நடந்துவிட்டது. "இஞ்சை எங்கடை சாப்பாடு ஒண்டும் இல்லை அப்பா" என்று அவள் எப்போதோ ஒரு கவலையில் சொல்லியிருந்தாள். சின்ன வயதில் மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் இருந்தால் சோற்றைத் திரும்பிப் பார்க்காத பிள்ளை அவள். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில், மெத்ரோப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மெழுகு பூசிய கிழங்கு பெட்டி பெட்டியாக வந்திறங்கும். வாமதேவன் நல்ல கிழங்காகப் பொறுக்கி, முனை உடைத்து வெள்ளை பார்த்து, பேப்பரில் சுற்றி, அரைப் பெட்டிக்கு அடுக்கிக்கொண்டு பறந்தார்.

அசுன்சியோன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒரு கிழங்கை எடுத்து முகர்ந்து பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பச்சைக் கிழங்கு நாட்டுக்குள் வரக் கூடாது என்பது சட்டம், அதனால் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சிரித்தது சட்டத்துக்காக அல்ல. அந்த நாட்டில் மூன்று வேளையும் மேசையில் இருப்பது மரவள்ளிதான். வேலியோரம், கோழிக்கூட்டுப் பின்புறம், பள்ளிக்கூட வளவு எங்கும் அதுதான்.

"அப்பா, எங்கடை சாப்பாடு இல்லை எண்டது இடியப்பத்தை!" என்று லக்ஷனா வெளியே நின்று கண்ணைத் துடைத்துச் சிரித்தாள்.

மருமகன் தன் தகப்பனுக்குப் போன் போட்டான். பேருந்து பாசோ இத்தாவுக்கு வந்து சேருமுன் கதை வந்து சேர்ந்திருந்தது. தரிப்பிடத்தில் நின்ற பிள்ளைகள், "தொன் மந்தியோக்கா! தொன் மந்தியோக்கா!" என்று கத்தினார்கள். மந்தியோக்கா என்றால் மரவள்ளி. தொன் என்பது பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை. மரியாதையை விடாமலே கேலி செய்கிற ஊர் என்று அவருக்கு உடனே விளங்கியது. அது அவருக்குப் பழக்கமான வகைதான்.

ஊர் என்றால் ஒரு தேவாலயம், ஒரு பெற்றோல் நிலையம், ஒரு கூட்டுறவுக் கடை, ஓரமாக ஓடும் ஒரு ஆறு, சோயா ஏற்றிப் போகிற லொறிகள், எல்லாவற்றுக்கும் மேலே செந்தூள். "மண்ணைப் பாருங்கோ, நீங்கள் பிறந்த ஊர் மாதிரி இல்லையே?" என்று லக்ஷனா ஆசையாகக் கேட்டாள். "எங்கடை ஊரிலை இவ்வளவு தண்ணி ஏது?" என்று அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

சம்பந்தி எலிஹியோ தொப்பி கழற்றாத மனிதர். சோயாவும் மரவள்ளியும் பயிரிடுகிறவர். தொப்பை இருக்கிறது, அதற்குக் குறையாத பலமும் இருக்கிறது. வாமதேவனைக் கட்டிப்பிடித்து, மாமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார். இருத்தியது இருத்தியதுதான். எழும்பினால் யாராவது ஓடிவந்து என்ன வேண்டும் என்றார்கள். குழாயைப் பார்த்தால் தண்ணீர் வந்தது. தேங்காய் துருவப் போனார், துருவுபலகையைப் பறித்துக்கொண்டார்கள். மாட்டுக்குப் புல்லுப் போடப் போனார், மாட்டையே அப்புறம் கொண்டுபோய்க் கட்டினார்கள். எல்லாம் அன்புதான். லக்ஷனா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்: அப்பா ஏலாதவர்.

இரண்டாவது வாரம் கணுக்கால் வீங்கியது. காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க இருத்தி வைத்தால் யாருக்கும் வீங்கும். அதற்கு வயதும் வேண்டாம், வருத்தமும் வேண்டாம். லக்ஷனா வீக்கத்தைப் பார்த்துவிட்டு, காலுக்கு ஒரு முக்காலியும் தலையணையும் கொண்டுவந்தாள். "பார்த்தீரா, நான் சொன்னேனே" என்று கணவனிடம் பிரெஞ்சில் சொன்னாள். முப்பது வருடம் பாரிசில் வேலை செய்த அப்பாவுக்குப் பிரெஞ்சு விளங்கும் என்பது கவலையில் அவளுக்கு மறந்துபோயிற்று.

பின்னேரங்களில் ஒரு கொம்புக் கோப்பையில் மூலிகைத் தழையும் குளிர்ந்த தண்ணீரும் நிரப்பிச் சுற்றி வரும். எல்லோருக்கும் ஒரே உலோகக் குழாய். ஒருவர் உறிஞ்சியதை அடுத்தவர் உறிஞ்சவேண்டும். தண்ணீர்ப் போத்தலைக்கூட அண்ணாந்து குடிக்கிறவர் வாமதேவன். "மருந்துக் குளிசை எடுக்கிறன், இது கூடாது" என்று கைகூப்பிக் கோப்பையை அனுப்பிவிடுவார். எலிஹியோ தலையை ஆட்டிக்கொள்வார், பாவம் நோயாளி என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாமதேவனின் கதிரை வேறு பக்கம் திரும்பும். தேவாலயத்துக்குப் பின்னால் செம்மண்ணை இறுக்கி ஒரு கரப்பந்துத் திடல். வலையின் ஒரு பக்கம் இரும்புக் கம்பத்திலும் மறுபக்கம் ஒரு மரத்திலும் கட்டியிருக்கும். பக்கத்துக்கு நாலு பேர். தோற்றவர்கள் ஊருக்குக் குளிர்பானம் வாங்கவேண்டும். எலிஹியோவும் அவருடைய அக்கா மகன்மார் இருவரும் ஒரு உழவு இயந்திரக்காரனும் கொண்ட அணி அந்தச் சோயா அறுவடைக் காலம் முழுக்கத் தோற்றதேயில்லை.

மூன்றாவது ஞாயிறு. எதிரணியில் பள்ளிக்கூட வாத்தியார், ஒரு பால்காரர், பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிற நெடிய பெண் ஒருத்தி. நாலாவது ஆளின் பசு கன்று போடுகிறதென்று செய்தி வர, அவன் ஓடிவிட்டான். வாத்தியார் கூட்டத்தைப் பார்த்தார். எலிஹியோவை எதிர்த்து ஆட எவனும் எழும்பவில்லை.

வாமதேவன் கதிரையின் முன்விளிம்புக்கு நகர்ந்தார். இரண்டு பாதங்களையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கைப்பிடியை ஊன்றி எழும்பினார். மூட்டு மாற்றியபின் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் காட்டிய அதே ஒழுங்கு. அதில் அவர் பிழை விடுவதில்லை. பிறகு வலையை நோக்கி நடந்தார்.

"மந்தியோக்கா! மந்தியோக்கா!" என்று திடல் முழுக்கச் சிரித்தது.

"அப்பா! விசரே உங்களுக்கு? இருங்கோ!"

"இருந்தது காணும், பிள்ளை."

"அங்கால நிக்கிறது மாமா!"

"விளையாட்டிலை சம்பந்தி கிம்பந்தி இல்லை. நான் குதிக்கமாட்டன். நீ பயப்பிடாதை."

வலையோரம், நடுவில் போய் நின்றார். முதல் பந்து தலைக்கு மேலே போயிற்று. அண்ணாந்து பார்த்து வழியனுப்பினார். சிரிப்பு. இரண்டாவது பந்து நேரே அவரிடம் வந்தது. விரல் நுனியில் உட்கார்ந்தது. அடுத்த கணம், அவர் திரும்பிப் பாராமலே, தலைக்குப் பின்னால் நெடிய பெண் நின்ற பக்கம் உயர்ந்து நின்றது. அவள் எழும்பி அடித்தாள். எலிஹியோவின் காலடியில் செந்தூள் கிளம்பியது.

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தன் கையைத் தானே பார்த்தாள். அவ்வளவு இலேசாக ஒரு பந்து அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

எலிஹியோ முட்டாள் அல்லர். கிழவர் நின்ற இடத்தைவிட்டு அசையமாட்டார் என்பதைக் கண்டுபிடித்து, அவருக்கு எட்டாத மூலைகளில் பந்தைத் தட்டி வைத்தார். புள்ளி ஒன்று, இரண்டு என்று போயிற்று. வாத்தியார் ஸ்பானிய மொழியில் ஏதோ கெஞ்சினார். வாமதேவனுக்கு விளங்கவில்லை, அவர் சொல்ல நினைத்ததும் அவர்களுக்கு விளங்காது. செருப்பைக் கழற்றிவிட்டு, நல்ல காலின் குதியால் தன்னைச் சுற்றிச் செம்மண்ணில் ஒரு வட்டம் கீறினார். வட்டத்தின் நடுவை விரலால் குத்திக் காட்டினார். பந்தை யார் எடுத்தாலும் சரி, இஞ்சை கொண்டுவா.

கொண்டுவந்தார்கள். பால்காரர் மண்ணில் விழுந்து புரண்டு கொண்டுவந்தார். வாத்தியார் முழங்கையால் கொண்டுவந்தார். வட்டத்துக்குள் வந்த பந்து ஒன்றும் வீணாகவில்லை. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று எங்கும் போகாமல் வலைக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் ஒழுகி விழுந்தது. ஊர் மெல்ல மெல்லக் கட்சி மாறியது. கேலிக்கு வைத்த அதே பெயரை இப்போது கைதட்டித் தாளம் போட்டுக் கத்தியது. லக்ஷனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கடைசிப் புள்ளிக்குப் பந்து போடும் முறை அவருடையதாயிற்று. அன்று முதல்தடவையாக வட்டத்தைவிட்டு வெளியே வந்து, கோட்டுக்குப் பின்னால் நின்று, மேற்கே திரும்பிப் பார்த்தார். சூரியன் அவருடைய முதுகுக்குப் பின்னால் மரவள்ளித் தோட்டத்துக்கு மேல் இருந்தது. கையைக் கீழே கொண்டுபோய், உள்ளங்கையின் அடியால், பந்தை ஏறக்குறைய நேரே வானத்துக்கு அனுப்பினார். அது ஏறி வெயிலுக்குள் மறைந்தது. எலிஹியோ தொப்பி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தேடினார். பக்கத்தில் நின்ற அக்கா மகனும் தேடினான். பந்து வெயிலுக்குள்ளிருந்தே இறங்கி, இருவருக்கும் நடுவில், மரியாதையாக ஒரு தரம் குதித்தது.

பெற்றோல் நிலையப் பெண் ஓடிவந்து அவரைத் தூக்கப் பார்த்தாள். "முழங்கால்! முழங்கால்!" என்று லக்ஷனா கத்த, தூக்காமல் கட்டிப்பிடித்தாள். எலிஹியோ வலைக்குக் கீழே குனிந்து வந்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு கொம்புக் கோப்பையை நிரப்பி, தானே ஒரு இழுவை இழுத்துப் பார்த்து, சம்பந்தியிடம் நீட்டினார். வாமதேவன் வாங்கினார். குழாயைத் துடைக்கவில்லை. அடிவரைக்கும் உறிஞ்சிச் சத்தம் வந்த பிறகே திருப்பிக் கொடுத்தார்.

அன்று ஊருக்கெல்லாம் குளிர்பானம் எலிஹியோவின் செலவு. கணுக்கால் வீக்கம் அந்த வாரத்துக்குள் வற்றிப்போயிற்று. எழும்பி நடந்தால் வற்றும்.

இரவுச் சாப்பாட்டில், அவித்த மரவள்ளியைப் பிளந்து நடுத்தும்பு எடுத்துக்கொண்டிருந்த தகப்பனின் பக்கத்தில் லக்ஷனா வந்து இருந்தாள். கொஞ்ச நேரம் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ரிக்கற்றுக்கு எப்ப திகதி போடட்டும்?"

"வாற ஞாயிறு முடியப் போடு. உன்ரை மாமா திருப்பி விளையாடக் கேட்டிருக்கிறார்."

அதிலும் வென்றார்கள்.

இப்போது மறுபடி ரூ லூயி-பிளாங். படியில் கைப்பிடி பிடித்து ஏறுகிறார். மழை நாட்களில் ஏற்ற சப்பாத்துப் போடுகிறார். அந்த இரண்டையும் மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். லக்ஷனாவும் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்வதில்லை. "ஆர் வெண்டது?" என்று ஞாயிறுகளில் கேட்கிறாள்.

போன சனிக்கிழமை, கடை நிரம்பி வழிகிற நேரம், செபஸ்டியன் காசுமேசையிலிருந்து போனைத் தூக்கிப் பிடித்தான். "வாமண்ணை! உங்கடை சம்பந்தி நிக்கிறார், கையிலை பந்தோடை. வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேக்கிறாரோ என்னவோ!"

திரையில் எலிஹியோ. பின்னால் திடல், வலை, பாதி ஊர். அவர் எதையோ உரக்கக் கேட்டார். திடலில் ஒரு வெறும் கதிரையைக் காட்டி, வா வா என்று கையசைத்தார். ஊர் "மந்தியோக்கா!" என்று கத்தியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாமதேவன் கல்லில் கிடந்த ரொட்டியைப் புரட்டிப் போட்டார். பலகையில் ஒரு பிடி மாவைத் தூவினார். அன்று செம்மண்ணில் கீறியதுபோலவே அதில் ஆள்காட்டி விரலால் ஒரு வட்டம் கீறி, நடுவில் குத்தி, போனை அதற்கு மேலே பிடிக்கும்படி செபஸ்டியனிடம் சொன்னார்.